அத்தியாயம் 6: ரோச் மீனுக்கு ஒரு முழு நாள்

ரோச் பெரிய மீன் அல்ல. தேம்ஸ் ஆற்றில் தூண்டிலில் ஏறுபவை பெரும்பாலும் ஒரு சாண் நீளம்தான். எடை 100 கிராமிலிருந்து 200 கிராம் வரை. ஒரு பவுண்டை, அதாவது 450 கிராமைத் தாண்டிய ஒன்றைத் தூக்கினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுந்துவந்து பார்ப்பார். இரண்டு பவுண்டு ரோச்சை வாழ்நாளெல்லாம் தேடியும் காணாதவர்கள் எத்தனையோ பேர். பிரிட்டனின் சாதனை மீனே 4 பவுண்டு 4 அவுன்ஸ்தான். 2006இல் வட அயர்லாந்தில் கிடைத்தது.

எடைக்காக யாரும் ரோச்சைத் தேடிப் போவதில்லை. இது கூட்டமாகத் திரியும் மீன். தீனி அளவாகவும் நேரம் தவறாமலும் வந்து விழும் இடத்தில் கூட்டம் தங்கும். அளவு மிஞ்சினாலோ இடைவெளி நீண்டாலோ கலைந்துவிடும். ஆகவே ஒரு நல்ல ரோச் நாளைக் காலையிலிருந்து நம் கையாலேயே கட்டி எழுப்ப முடியும். முதல் மணி நேரத்தில் சிறியவை ஒன்றிரண்டு, முற்பகலில் தொடர்ந்து கடி, வெளிச்சம் மங்கும்போது பெரியவை என்று நாள் வளர்ந்துகொண்டே போகும். அந்த நிறைவு எனக்கு வேறு எந்த மீனிடமும் கிடைத்ததில்லை.

இதற்கு ஏற்றது ஃபீடர் தூண்டில். தீனி அடைத்த சிறு கூடு ஒன்று முள்ளுக்கு அருகிலேயே ஆற்றின் அடியில் போய் உட்காரும். கம்பின் மெல்லிய நுனி துடித்து மீன் வந்ததைச் சொல்லும். காற்று பலமாக அடித்தாலும், மிதவையை நேராக ஓட்ட முடியாத அளவுக்கு ஆழமும் நீரோட்டமும் இருந்தாலும் இது வேலை செய்யும்.

எடுத்துக்காட்டாக நான் வைத்துக்கொள்வது மோல்சி லாக்குக்கும் டெடிங்டன் லாக்குக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தேம்ஸ். அதிலும் குறிப்பாகக் கிங்ஸ்டன் பாலத்துக்குக் கீழே உள்ள கான்பரி பூங்காக் கரை. நியூ மால்டன், டோல்வர்த், சர்பிட்டன் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் பஸ் பிடித்தே போய்விடலாம். ஸ்டெயின்ஸிலிருந்து கீழ்நோக்கி, கரைக்குப் பொதுவழி உள்ள இடங்களில் தேம்ஸில் தூண்டில் போடத் தனிக் கட்டணம் கிடையாது. லைசென்ஸ் மட்டும் வேண்டும்.

போவதற்கு முன்

இங்கிலாந்தில் 13 வயது நிரம்பிய எவரும் ஆற்றில் தூண்டில் போட என்விரான்மென்ட் ஏஜென்சியின் ராட் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். 13 முதல் 16 வயது வரை கட்டணமில்லை. ஆனாலும் பதிவுசெய்து வாங்கியிருக்க வேண்டும். ஒரு நாளுக்கு, எட்டு நாளுக்கு, பன்னிரண்டு மாதத்துக்கு என்று அரசு இணையதளத்திலேயே எடுக்கலாம். இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகும்.

மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் இந்த வகை மீன்களுக்குத் தூண்டில் போடக் கூடாது. மீன்கள் முட்டையிடும் காலம் அது. இந்த ஏற்பாடு 1878இல் வந்த நன்னீர் மீன்வளச் சட்டத்திலிருந்து தொடர்கிறது. அதைக் கொண்டுவந்தவர் ஷெஃபீல்டு நாடாளுமன்ற உறுப்பினர் மண்டெல்லா. ஷெஃபீல்டின் ஆலைத் தொழிலாளிகள் ஞாயிறுதோறும் ரயிலேறிப் போய்த் தூண்டில் போட்டவர்கள். தங்கள் மீனைக் காப்பாற்றச் சட்டம் வேண்டும் என்ற குரல் அவர்களிடமிருந்துதான் எழுந்தது. ஜூன் 16 இன்றும் தூண்டில்காரர்களுக்குத் திருநாள்.

மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று நம் வீடுகளில் கட்டாயம் கேட்பார்கள். சட்டப்படி, ஆற்றில் நாளொன்றுக்கு 20 சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறு மீன்கள் 15 வரை எடுக்கலாம். அதைவிட நீளமான ரோச்சைத் திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டும். சில இடங்களில் கரைக்கு உரியவர்கள் எதையும் எடுக்கக் கூடாது என்று விதித்திருப்பார்கள். என் கருத்து, எல்லாவற்றையும் விட்டுவிடுவதே முறை. ரோச் உடம்பெல்லாம் பொடி முள், குழம்புக்கு ஆகாது. இரண்டு பவுண்டு எட்டிய ரோச் பத்து வயதைக் கடந்ததாக இருக்கக்கூடும். அவ்வளவு மெதுவாக வளரும் உயிரைச் சட்டியில் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

இன்னொன்று, ஈயம். 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையுள்ள ஈய எடைகளுக்கு 1987 முதல் தடை. கரையில் உதிர்ந்த ஈயக் குண்டுகளைக் கூழாங்கல்லோடு சேர்த்து விழுங்கிய தேம்ஸ் அன்னங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்ததே காரணம். ஊரிலிருந்து யாராவது அன்பாகக் கொண்டுவந்து கொடுத்த ஈயக் குண்டு பெட்டி உங்களிடம் இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தடைக்குப் பிறகு அன்னங்கள் மீண்டுவந்தன. இன்று கிங்ஸ்டன் கரையில் உங்கள் தீவன வாளிக்குள் தலையை விடப் பார்ப்பவை அவற்றின் வழிவந்தவைதான்.

எப்போது

அக்டோபர் கடைசியும் நவம்பரும். கோடையில் மீன் இல்லாமல் இல்லை. ஆனால் படகுப் போக்குவரத்து ஓயாது. ஃபீடர் நீரில் இறங்கும்போதே ப்ளீக் என்னும் மேல்மட்டப் பொடிமீன்கள் முள்ளிலிருக்கும் இரையைப் பிய்த்துவிடும். இலையுதிர் காலத்தில் படகுகள் குறைந்துவிடும். ரோச் ஆழமான, ஓட்டம் சீரான இடங்களில் திரளத் தொடங்கும்.

நாளைத் தேர்ந்தெடுக்க ஆற்றைப் பாருங்கள். மழை பெய்து ஆறு ஏறிக்கொண்டிருக்கும் நாள் வேண்டாம். லாக்குகளில் படகுக்காரர்களுக்காகச் சிவப்புப் பலகை மாட்டியிருந்தால் ஓட்டம் கடுமை. அன்று ஃபீடர் அடியில் நிற்காது. ஏறிய ஆறு வடியத் தொடங்கி இரண்டு மூன்று நாள் ஆனபின், கலங்கல் தெளிந்துவரும் நிலையில், நீருக்குள் இரண்டடி ஆழத்துக்குப் பார்வை போனால் அதுதான் சரியான நாள். கண்ணாடி போல் தெளிந்து வெயிலும் அடித்தால் மாலை வரை காத்திருக்க வேண்டியிருக்கும். மேகமூட்டம் நல்லது. ஒரே இரவில் கடும் பனி விழுந்து நீரின் வெப்பம் சட்டென்று இறங்கிய நாள் மோசம். அதே குளிர் ஒரு வாரம் நிலைத்துவிட்டால் மீன் பழகிக்கொண்டு மறுபடி தின்னும். நீர்மட்டத்தை என்விரான்மென்ட் ஏஜென்சி இணையத்தில் அன்றாடம் வெளியிடுகிறது. முந்தைய நாலைந்து நாள் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கருவி

11 அல்லது 12 அடி ஃபீடர் கம்பு. கூடவே மாற்றி மாற்றிச் செருகும் நுனிகள் வரும். அவற்றில் ஒரு அவுன்ஸ் நுனியும் இரண்டு அவுன்ஸ் நுனியும் போதும். ஓட்டத்தில் நுனி லேசாக வளைந்து நிற்க வேண்டும். முழுதாக வளைந்துவிட்டால் கடி தெரியாது. ஆகவே கடினமான நுனிக்கு மாறுங்கள்.

ரீலில் 5 பவுண்டு நைலான் நரம்பு. பிரெய்டு நரம்பு நீளாது, சின்னத் தொடுதலையும் நுனிக்குக் கொண்டுவரும் என்று பலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ரோச்சின் உதடு மெல்லியது. இருபது மீட்டர் தூரத்தில் பிடிக்கும்போது நைலானின் இழுவை நீட்சியே முள் கிழித்துக்கொண்டு வராமல் காக்கிறது. அறுபது மீட்டர் எறிகிறவர்களுக்குப் பிரெய்டு சரி. நமக்கு இங்கே வேண்டாம்.

கட்டும் முறை இது. ஃபீடரை ஒரு ஸ்னாப் ஸ்விவலில் மாட்டி, அந்த ஸ்விவல் நரம்பின் மேல் தடையின்றி ஓடும்படி கோத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே ஒரு ரப்பர் மணி. மணிக்குக் கீழே நரம்பை இரட்டையாக்கி முறுக்கிப் பத்து சென்டிமீட்டர் விறைப்பான கண்ணி போட்டு, அதில் முள் நரம்பைக் கோத்துவிடுங்கள். விறைப்பான அந்தப் பத்து சென்டிமீட்டர் இல்லாவிட்டால் முள் நரம்பு எறியும்போதே ஃபீடரில் சுற்றிக்கொள்ளும். முள் நரம்பு 0.11 மில்லிமீட்டர், நீளம் 60 சென்டிமீட்டரில் தொடங்குங்கள். முள் 18ஆம் எண், எதிர்முள் இல்லாதது. நரம்பு எங்கே அறுந்தாலும் ஃபீடர் கழன்று ஓடிவிட வேண்டும், மீன் அதை இழுத்துக்கொண்டு திரியக் கூடாது. கட்டி முடித்ததும் கையால் இழுத்துப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

ஃபீடரில் கம்பிக்கூடு வகை 20, 30, 40 கிராமில் தலா இரண்டு வாங்குங்கள். கைவலை, முள் எடுக்கும் குச்சி, கம்பைத் தாங்கும் இரண்டு குச்சிகள், நல்ல நாற்காலி. கான்பரி கரையில் சில இடங்களில் தரை கெட்டி, குச்சி இறங்காது. முக்காலி இருந்தால் எடுத்துப்போங்கள்.

தீனி

வெற்றி தோல்வி பெரும்பாலும் இங்கேதான். நான்கு பொருள்கள் தேவை.

முதலாவது மேகட், ஈயின் புழு. தூண்டில் கடைகளில் பைண்ட் கணக்கில் அளந்து தருவார்கள். சிவப்புச் சாயமேற்றியதில் இரண்டு பைண்ட் போதும். இரண்டாவது காஸ்டர், அதே புழு கூடு கட்டிய நிலை. ரோச்சுக்கு இதைவிட மேலான இரை நான் கண்டதில்லை. இளம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்போது நீரில் அமிழும். அடர் பழுப்பாக முற்றிவிட்டால் மிதக்கும். மிதப்பவை ஓட்டத்தோடு போய் மீன் கூட்டத்தையும் கீழே இழுத்துப் போய்விடும். கரைக்கு வந்ததும் காஸ்டரைக் கிண்ணத்தில் கொட்டி மூழ்கும் அளவுக்கு மட்டும் நீர் விடுங்கள். மிதப்பவை மேலே வரும்; அவற்றை வழித்தெடுத்துவிடலாம். நீரிலேயே இருப்பதால் மிச்சம் முற்றாமலும் இருக்கும்.

மூன்றாவது ஹெம்ப் விதை. கஞ்சாச் செடியின் விதைதான், கடைகளில் சட்டப்படி விற்பது. ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, விதை பிளந்து வெள்ளை முளை எட்டிப்பார்க்கும் வரை வேகவைக்க வேண்டும். ஏறத்தாழ அரை மணி நேரம். வேகும்போது எழும் எண்ணெய் வாசம் வீடு முழுக்க நிற்கும், ஜன்னலைத் திறந்துவையுங்கள். நான்காவது தீவனக் கலவை. பழுப்பு ரொட்டித் தூளும் கடையில் ரோச்சுக்கென்று விற்கும் கறுப்புக் கலவையும் சரிபாதி, மொத்தம் ஒன்றரைக் கிலோ. குளிர்காலத்துத் தெளிந்த நீரில் வெளிர் நிறத் தீவனத்தின் மேல் வந்து நிற்க ரோச் பயப்படும். ரோச்சை வேட்டையாடும் பைக் மீனின் கண்ணுக்கு அது எளிதில் பட்டுவிடும் அல்லவா. ஆகவே கறுப்பு.

கலவையை நனைப்பதுதான் கைப்பக்குவம். நம் வீட்டில் புட்டுக்கு மாவு பிசிறும் பதம் தெரிந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பிடித்தால் பிடிபட வேண்டும், கட்டைவிரலால் தொட்டால் உதிர வேண்டும். தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். கொஞ்சம் தெளித்து, பிசிறி, இருபது நிமிடம் விட்டால் தூள் நீரை உறிஞ்சி மறுபடி உலர்ந்திருக்கும். இன்னும் கொஞ்சம் தெளித்து, கண் அகன்ற சல்லடையில் தேய்த்து இறக்குங்கள். கட்டி இருந்தால் ஃபீடரிலிருந்து வெளியே வராது. அதிகம் உலர்ந்திருந்தால் பாதி வழியில் கொட்டிவிடும். தீனி மேல்நீரில் போகும், மீனும் அதன் பின்னே போகும்.

காலை

நவம்பர் நடுவில் லண்டனில் சூரியன் 7.20 அளவில் எழுந்து 4.10 அளவில் மறைந்துவிடும். பொழுது விடியும்போது கரையில் இருங்கள். கான்பரி கரை கிழக்குக் கரை. ஆறு இங்கே வடக்கு நோக்கி ஓடுவதால் ஓட்டம் உங்களுக்கு இடமிருந்து வலமாக இருக்கும். காலையில் வெயில் முதுகில். மாலையில் நேராகக் கண்ணில். கண்ணாடியும் தொப்பியும் வேண்டியிருக்கும், நுனியைப் பார்க்கும் வேலை முழுக்க மாலையில்தான். மரங்களில் பச்சைக்கிளிகள் கத்திக்கொண்டிருக்கும். நம் ஊர்ப் பச்சைக்கிளியேதான், தென்மேற்கு லண்டனில் காலூன்றிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

கம்பை விரிப்பதற்கு முன் மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். கார்பன் கம்பு மின்சாரம் கடத்தும். கம்பியிலிருந்து 30 மீட்டராவது விலகியிருக்க வேண்டும்.

முதல் வேலை மீன் பிடிப்பதல்ல, ஆற்றின் அடியைப் படிப்பது. வெறும் எடையை மட்டும் கட்டி 15, 20, 25 மீட்டர் தூரங்களில் எறிந்து, நீரில் விழுந்த நொடியிலிருந்து நுனி தளரும் வரை எண்ணுங்கள். எந்தத் தூரத்தில் எண்ணிக்கை கூடுகிறதோ அங்கே சரிவு முடிந்து ஆழம் தொடங்குகிறது. பிறகு மெதுவாக இழுங்கள். சரளை என்றால் கம்பில் நறநறவென்று தட்டும். சேறு என்றால் கனமாக, ஓசையின்றி வரும். பாசி, கிளை என்றால் பிடித்துக்கொண்டு விடும். சரிவின் அடியில், சரளை மேல், ஓட்டம் சீராக இருக்கும் இடம் ரோச்சுக்கு உகந்தது. அதைக் கண்டுபிடித்ததும் எதிர்க்கரையில் அதற்கு நேரான ஒரு மரத்தையோ கட்டடத்தின் மூலையையோ குறித்துக்கொண்டு, ரீலின் கிளிப்பில் நரம்பைச் செருகிவிடுங்கள். இனி நாள் முழுக்க ஒவ்வொரு எறியும் அதே மரத்தை நோக்கி, அதே தூரத்துக்கு. நடு ஆற்றுக்கு எறிய ஆசை வரும். படகோட்டும் குழுக்களின் வழி அது, விட்டுவிடுங்கள்.

அடுத்துத் தீனிப் படுகை. முள் நரம்பு கட்டாமல், பெரிய ஃபீடரில் தீவனமும் நிறைய ஹெம்பும் கொஞ்சம் காஸ்டரும் அடைத்து ஆறு முதல் எட்டு முறை எறியுங்கள். அடியில் போய் ஒரு நிமிடம் இருந்ததும் நுனியை வெடுக்கென்று தூக்கிக் காலிசெய்து சுருட்டுங்கள். அதன்பின் சிறிய ஃபீடருக்கு மாறி, முள் நரம்பு கட்டி, இரண்டு மேகட் கோத்துத் தொடங்குங்கள்.

இதில் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றே ஒன்று: கடிகாரம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, கடி வந்தாலும் வராவிட்டாலும், சுருட்டி நிரப்பி மறுபடி எறியுங்கள். கடி இல்லாத முதல் முக்கால் மணி நேரத்தில் பெரும்பாலோர் சோர்ந்துபோய் ஃபீடரை இருபது நிமிடம் ஆற்றிலேயே கிடக்க விடுகிறார்கள். அதில் தீனி தீர்ந்து வெகுநேரம் ஆகியிருக்கும்; வந்த கூட்டம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிருக்கும். வேறு எதில் பிசகினாலும் இதில் பிசகாதீர்கள்.

ஃபீடரின் எடையும் நரம்பின் வளைவும்

ஆற்று ஃபீடரில் உள்ள நுணுக்கம் இது. நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

நரம்பை விறைப்பாக இழுத்து வைத்தால் ஓட்டம் அதன் மேல் மோதி ஃபீடரைப் பெயர்த்துவிடும். அதைத் தடுக்க இன்னும் கனமான ஃபீடர் போட்டால், ரோச் இரையை எடுக்கும்போது அசையாத கனம் தட்டுப்படும், உடனே துப்பிவிடும். ஆகவே நேர் எதிரே, அல்லது சற்றே கீழ்ப்பக்கமாக எறிந்து, ஃபீடர் அடியில் உட்கார்ந்ததும் ஒன்றிரண்டு மீட்டர் நரம்பைத் தளர்த்தி விடுங்கள். அந்தத் தளர்ச்சியை ஓட்டம் வாங்கி, நரம்பு கீழ்நோக்கி வில்லாக வளைந்து நிற்கும். கம்பை உயர்த்தி வைத்தால் நீரில் கிடக்கும் நரம்பும் குறையும். இப்போது நுனி மெல்ல வளைந்து நிலைகொள்ளும்.

ஃபீடரின் எடை அடியில் நிற்கப் போதுமானதாக மட்டும் இருக்க வேண்டும். சோதனை எளிது. நுனியை ஒரு சாண் தூக்குங்கள். ஃபீடர் ஒரு முழம் உருண்டு மறுபடி நின்றால் சரியான எடை. தூக்கியும் அசையாவிட்டால் பத்து கிராம் குறையுங்கள். தானாகவே உருண்டுகொண்டிருந்தால் முதலில் இன்னும் கொஞ்சம் நரம்பு விட்டுப் பாருங்கள். அதன்பிறகே எடை கூட்டுங்கள். இப்படிச் சமன்செய்த ஃபீடரை 150 கிராம் ரோச் கூடத் தொட்டுப் பெயர்த்துவிடும். பெயர்ந்த நொடியில் வளைந்திருந்த நுனி பின்னுக்குத் தெறித்து நேராகும். பல சமயம் மீன் தானே மாட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் கம்பை எடுத்தால் போதும்.

இலையுதிர் காலத்தில் நீருக்குள் மிதந்துவரும் இலைகள் நரம்பில் சேர்ந்து நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்கும். இது கடி அல்ல. நுனி நின்று நிதானமாக வளைந்தால் இலை, துடித்தால் மீன்.

கடியைப் படித்தல்

பட படவென்று இரண்டு மூன்று துடிப்பு, பின் அமைதி. ரோச்சின் முதல் அறிகுறி இது. இதற்குக் கம்பைத் தூக்காதீர்கள். அடுத்து நுனி ஒரு அங்குலம் இழுபட்டு நின்றால், அல்லது தெறித்து நேரானால், அப்போது எடுங்கள். அதுவும் சுண்டி வெட்டாமல், கம்பை மேல் ஓட்டத்தின் பக்கமாக நீளமாக வீசி.

துடிப்பு வந்தும் மாட்டவில்லை என்றால் இரையைச் சுருட்டிக் கையில் வைத்துப் பாருங்கள். அதில் விடை இருக்கும். ரோச்சின் பல் வாயில் இல்லை, தொண்டையில். இரையை உறிஞ்சித் தொண்டைக்குக் கொண்டுபோய் அங்கே நசுக்கும். காஸ்டர் வெறும் தோலாக, உள்ளே ஒன்றுமில்லாமல், காகிதம் போல் தட்டையாகி வந்தால் மீன் அதை முழுதாக வாயில் வாங்கி, தின்று, துப்பியிருக்கிறது. உங்களுக்கோ தாமதமாகத் தெரிந்திருக்கிறது. முள் நரம்பை 40 சென்டிமீட்டராகக் குறையுங்கள். மாறாக, இரை தொடப்படாமலே வந்து, அவ்வப்போது நுனி மட்டும் நடுங்கினால், மீன் இரைமேல் சந்தேகப்படுகிறது; ஒரு மீட்டர் வரை நீட்டி, முள்ளை 20க்கு மாற்றி, ஒற்றை மேகட் போடுங்கள்.

நன்றாகக் கடித்துக்கொண்டிருந்தது சட்டென்று நின்றுபோனால் பெரும்பாலும் பைக் வந்திருக்கும். பதற்றம் வேண்டாம். அந்த இடத்தில் எறியாமல் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு, மூன்று மீட்டர் கீழ்ப்பக்கமாகப் போட்டுப் பாருங்கள். கூட்டம் தீனியை விட்டு முழுதாகப் போயிருக்காது, சற்றுப் பின்வாங்கியிருக்கும். படகோட்டும் குழுக்கள் கடந்துபோவதால் ரோச் பயந்து ஓடுவதில்லை. கம்பின் நுனியை நீருக்குள் இறக்கி நரம்பை அமிழ்த்திக்கொண்டால் துடுப்பில் சிக்காது.

கையில் ஒரு ரோச்

மாட்டிய ரோச் தலையை ஆட்டிக்கொண்டே வரும். அந்தத் துடிப்பு கம்பின் அடிவரை தெரியும். ஒரே வேகத்தில் சுருட்டுங்கள். கரையருகே மேல்மட்டத்துக்கு வந்து புரளும்போதுதான் முள் கழலும். கம்பைத் தாழ்த்தி, கைவலையை முன்னதாகவே நீருக்குள் அமிழ்த்தி வைத்து, மீனை அதன் மேல் கொண்டுவாருங்கள். பார்பெல் போன்ற பெரிய மீன் மாட்டி ஓடினால் ரீல் கிளிப்பிலிருந்து நரம்பை விரலால் தட்டிவிட மறக்காதீர்கள்.

கையை நனைத்துக்கொண்டு எடுங்கள். உலர்ந்த கை பட்டால் செதில் உதிரும், மேலே உள்ள வழவழப்பு போகும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். நல்ல ஆற்று ரோச்சை ஒரு நிமிடம் பாருங்கள். முதுகு கருநீலம், பக்கவாட்டில் சாய்த்தால் அந்த நீலம் வெள்ளிச் செதில்களின் மேல் மின்னலாக இறங்கும். கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம். அடித்துடுப்புகள் செம்மஞ்சள். மேலுதடு கீழுதட்டைவிடச் சற்று முன்னே நீண்டிருக்கும், அடியிலிருந்து பொறுக்கித் தின்னும் மீனுக்கு உரிய வாய். கீழுதடு முன்தள்ளி, முதுகுத் துடுப்பு பின்னால் தள்ளியிருந்தால் அது ரட் என்ற உறவுமீன். தேம்ஸில் பெரிய ரோச் என்று தோன்றுபவற்றில் பல, ப்ரீம் மீனோடு கலந்த கலப்பினம். சந்தேகம் வந்தால் வயிற்றுக்குப் பின்னாலுள்ள துடுப்பின் கதிர்களை எண்ணுங்கள். ரோச்சுக்கு 9 முதல் 12. கலப்பினத்துக்கு 15க்கு மேல். இரண்டு பவுண்டு மீனை அறிவிப்பதற்கு முன் இதை எண்ணிவிடுவது நல்லது.

மீன்களை மாலை வரை வைத்துப் பார்க்க விரும்பினால் கீப்நெட் முடிச்சில்லாத வலையாக, இரண்டு மீட்டருக்குக் குறையாத நீளத்தில் இருக்க வேண்டும். குறைந்த மீனைக் குறைந்த நேரம் வைத்திருங்கள். நான் பெரும்பாலும் அந்தந்த நேரத்திலேயே விட்டுவிடுகிறேன். இருபதடி கீழ்ப்பக்கம் நடந்து போய் விட்டால் கூட்டம் கலையாது.

மதியமும் மாலையும்

மதியம் ஒன்று முதல் இரண்டரை வரை மந்தம். சாப்பிடலாம். அதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வெட்டுக்காயம் இருந்தால் மூடுங்கள். ஆற்றுநீரில் எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். மந்தமான நேரத்தில் எறியும் இடைவெளியை எட்டு நிமிடமாக நீட்டலாம். தீவனத்தைக் குறைத்து ஹெம்பைக் கூட்டுங்கள். தீவனம் சிறு மீன்களைத்தான் இழுக்கும்; ஹெம்பும் காஸ்டரும் பெரியவற்றைத் தங்கவைக்கும்.

மூன்று மணிக்கு முள்ளை 16க்கு மாற்றி இரண்டு காஸ்டரைக் கோத்துவிடுங்கள். வெயில் மரத்துக்குப் பின்னால் இறங்கியதும் கடியின் குணமே மாறும். பட படப்பு நின்றுவிடும். நுனி ஒரே மூச்சில், தயக்கமில்லாமல் இழுபடும். இவை பகலெல்லாம் ஆழத்தில் ஒதுங்கிநின்று, வெளிச்சம் குறைந்ததும் தீனிமேல் ஏறும் பெரிய ரோச்கள். இந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் காலையிலிருந்து அந்தப் படுகையைக் காத்தீர்கள். இப்போது புதிதாக எதையும் சோதிக்க வேண்டாம். இடைவெளியை மறுபடி ஐந்து நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள், முன்கூட்டியே கட்டிவைத்த இரண்டு முள் நரம்புகளைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். நரைத்த வெளிச்சத்தில் 0.11 நரம்பில் முடிச்சுப் போட முடியாது. நுனி கண்ணுக்குத் தெரியும் வரை உட்காருங்கள்.

கிளம்பும்போது அறுந்த நரம்புத் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போடுங்கள், பறவைகளின் காலில் சுற்றிக்கொள்வது அதுதான். மிச்சத் தீவனத்தை ஆற்றில் கவிழ்க்காமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கைவலையையும் கீப்நெட்டையும் அலசி நன்றாக உலர்த்திய பின்னரே வேறொரு நீர்நிலைக்கு எடுத்துப்போக வேண்டும். ஈரவலையில் அயல்நாட்டு இறால் வகைகளும் மட்டிகளும் ஊர்விட்டு ஊர் போகும். மிஞ்சிய காஸ்டரையும் ஹெம்பையும் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த முறை ஃபீடருக்கு ஆகும். உறைந்த காஸ்டர் முள்ளுக்கு ஆகாது, அதைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.